கோப்பைகளில் இறங்கும் நீலம்

மூன்றாவது கோப்பையின் சுருதி மறுபடியும் ஏறியிருந்தது.

முப்பத்தாறு மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் அளந்து ஊற்றிய தண்ணீர். ஈர விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினால் பாடும். தண்ணீர் குறைந்தால் சுருதி ஏறும். ‘பாத்திரக்கடைக் கச்சேரி’ என்ற கேலியைக் கேட்டே பன்னிரண்டு வருடம் ஓட்டியவளுக்கு, நாளைதான் முதல் பெரிய அரங்கம்.

நான்கு நாளாகத் தண்ணீர் குறைகிறது. விளிம்பில் உதடு பட்டதுபோல் பிசுக்கு வேறு. பிசுக்குப் பட்ட கோப்பை ஊமை. வீட்டில் இருப்பதோ அவளும் கணவனும்தான்.

“வெயில்ல வத்தியிருக்கும்,” என்றான்.

“ஜன்னலே இல்லாத ரூம்ல வெயிலா?”

“அப்ப எலி.”

“எலி ஒரு சொட்டுகூடச் சிந்தாம குடிக்குமா?”

“நல்லா வளர்த்த எலியா இருக்கும்.”

அவன் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளியூருக்கு மாற்றல் கேட்டிருக்கிறான். கச்சேரி ஊற்றிக்கொண்டால் அவளும் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று நினைக்கிறானோ?

இன்று எல்லாக் கோப்பைகளிலும் கேக்குக்குப் போடும் நீலச் சாயத்தைக் கலந்தாள். நாக்கை எங்கே ஒளிப்பான்? கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் நின்றாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல், சரியாக மூடாத குழாய், எரிவாயுவின் லேசான நெடி, சாயங்கால வெளிச்சத்தில் சுவரில் நீண்டுகொண்டே போன நாற்காலி நிழல், இவை எல்லாவற்றுக்கும் அடியில் அவள் காது அந்த அறையையே பிடித்துக்கொண்டிருந்தது. வாசல் கதவு திறந்தது. அவன் காலடிகள் அறை வாசல்வரை போய் நின்றன.

அதற்குள் குடித்திருப்பானோ? ஓடிப் போய் மறித்தாள்.

“நாக்கை நீட்டுங்க.”

“என்ன டாக்டரம்மா, காய்ச்சலா எனக்கு?”

“நீட்டுங்கன்னா!”

நீட்டினான். துளி நீலம் இல்லை.

அப்போது, மூடிய கதவுக்குப் பின்னால், ஒரு கோப்பை பாடியது. நீண்ட ஒற்றைச் சுரம். மெல்ல மேலேறியது. மேலேறுகிறதென்றால் தண்ணீர் இறங்குகிறது.

அவன் அவள் கையைப் பற்றினான். கதவிலிருந்து அவளைப் பின்னுக்கு இழுத்தான். அதுதான் அவளை உண்மையில் பயமுறுத்தியது.

கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. முன்வரிசைக் கோப்பைகள் காலி. அடுத்ததில் நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சிந்தாமல்.

அவளுடைய முக்காலிக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு நீலக் கோடு. தொண்டை இருக்க வேண்டிய இடத்தில் தொடங்கியது. நெஞ்சு வழியாக இறங்கியது. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் தேங்கி, லேசாக ஆடியது.

சுரம் நின்றது.

தேங்கிய நீலம் எழுந்தது. அவள் தோள் உயரத்தைத் தாண்டி. அவன் தலை உயரத்தைத் தாண்டி.

பிறகு, அவர்கள் பக்கம் திரும்பியது.