தோல் கிடங்கில் சுற்றிய சக்கரம்

கதவு பூட்டியிருந்தது. உள்ளே சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது.

மீரான் கதவில் காதை வைத்துக் கேட்டான். 'கிர்ர்ர்' என்று சக்கரம் சுற்றும் சத்தம். நடுநடுவே 'டக்' என்று செயின் வழுக்கியது. சந்தேகமே இல்லை, அது அவனுடைய சைக்கிள்தான்.

அவனுக்கு வயது பதினொன்று. அத்தா அப்துல் வாஹித் தோல் வியாபாரி. வீட்டை ஒட்டியே கிடங்கு இருந்தது. உப்புத் தடவிய ஆட்டுத்தோல்கள் அங்கே வரிசையாகத் தொங்கும். பகலில் பார்த்தால் அவை வெறும் தோல். பொழுது சாய்ந்துவிட்டால், தலையில்லாத ஆட்கள் கையை விரித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

அந்தக் கிடங்கில்தான் சைக்கிளை நிறுத்தியிருந்தான். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் சைக்கிள் பந்தயம் வருகிறது. "ஏதாவது ஒண்ணுதான் வாங்கித் தருவேன். யோசிச்சுச் சொல்லு" என்று அத்தா சொல்லிவிட்டார்.

ஒன்று, புதுச் செயினும் பல்சக்கரமும். பழையது தேய்ந்து போயிருந்தது. இன்னொன்று, சைக்கிள் கடைக்காரர் பாஸ்கல் இரும்புக் குழாய்களை வளைத்துச் செய்த தாங்கி. அது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகராது. கால்கள் மட்டும் உரமேறும்.

"ஒரு வாரம் வச்சு மிதிச்சுப் பாரு, அப்பு. பிடிக்கலைன்னா வெள்ளிக்கிழமை கொண்டா. புதுச் செயின் மாட்டித் தாரேன்" என்றார் பாஸ்கல்.

கூட நின்ற வகுப்புத் தோழன் சனாவுல்லா சிரித்தான். "ஏலே, போகாத சைக்கிள்ல ஏறி எங்கலே போவ? அடுப்படிக்கா?"

இப்போது அந்தப் போகாத சைக்கிள், ஆளே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மீரான் ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தான். பெரிய பூட்டு. இரண்டு முறை திருகித் திறந்தான். கதவைத் தள்ளினான்.

யாரும் இல்லை.

பின்சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. காற்றே இல்லாத கிடங்கில் ஒரேயொரு தோல் ஆடியது.

மீரான் வீட்டுக்குள் விழுந்தடித்து ஓடினான். அக்கா நசீம் பானு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கிடங்குல ஜின்னு! சைக்கிள் ஓட்டுது!"

"ஜின்னுக்கு எதுக்குடா சைக்கிள்? அதுக்குத்தான் பறக்கத் தெரியுமே" என்றாள் அக்கா. அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளும் பயந்துவிட்டாள் என்று நினைத்தான் மீரான்.

மறுநாள் அவன் ஒரு வேலை செய்தான். தோலுக்குத் தடவும் உப்பை ஒரு கை அள்ளி, சைக்கிளைச் சுற்றிலும் மெல்லியதாகத் தூவினான். ஜின்னுக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கதவைப் பூட்டினான்.

பொழுது சாய்ந்தது. 'கிர்ர்ர்...'

இந்த முறை ஒரு குரலும் கேட்டது. யாரோ மூச்சிரைக்க முணுமுணுத்தார்கள்.

"புளியமரம் போயிருச்சு... பாலம் வருது... மெல்ல, மெல்ல..."

மீரானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஆனாலும் பூட்டைத் திறந்தான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

ஆனால் உப்பில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. தொங்கும் தோல்களுக்கு அடியில் குனிந்து, தடத்தைப் பிடித்துக்கொண்டே போனான். அது உள்கதவில் போய் முடிந்தது. தோல் வாங்க வெளியாட்கள் வந்து போகிற இடம் என்பதால், அந்தக் கதவு வீட்டுப் பக்கம் எப்போதும் தாழிட்டிருக்கும். தாழைத் திறக்க வீட்டில் இருப்பவர்களால்தான் முடியும். இது ஏன் நமக்கு முன்பே தோன்றவில்லை?

கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்தப் பக்கம் முற்றத்தில் அக்கா நின்றாள். அவள் பாதமெல்லாம் உப்பு.

"கத்தாதடா" என்றாள் மெதுவாக.

"நீயாக்கா? புளியமரம், பாலம்னியே, எங்க போன?"

"நத்தம் ரோட்டுல."

மீரானுக்குச் சைக்கிள் விடச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். அவள் பெரியவளான பிறகு பள்ளிக்கூடம் நின்றது. வெளியே போவதும் நின்றது. சைக்கிளை அவள் தொட்டே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

"கண்ண மூடிட்டு மிதிச்சா ரோடு தன்னால வருதுடா. மாந்தோப்புக்கிட்ட போறப்ப நீ வந்து பூட்டத் திறந்துர்ற. ஒருநாளும் நத்தம் போய்ச் சேரல."

மறுநாள் வெள்ளிக்கிழமை.

"தாங்கியக் குடுத்துட்டுச் செயினே வாங்கிக்கடா. பாதியில வழுக்கினா விழுந்துருவ" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் காலில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

பாஸ்கல் கடையில் புதுச் செயின் பளபளத்தது. மீரான் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

"தாங்கியே இருக்கட்டும்ணே."

"நல்லா யோசிச்சியா? அந்தப் பழைய செயின் பந்தயத்துல கழுத்தறுத்துரும்."

"தெரியும்ணே."

கூட வந்திருந்த அத்தா அவனை உற்றுப் பார்த்தார். "சரி. சாயந்திரம் கிடங்கோட தெருக்கதவுக்கு உள்தாழும் போட்டுக்கங்க. போறவன் வாறவன் எட்டிப் பாப்பான்" என்றார்.

மீரான் சட்டென்று நிமிர்ந்தான். அத்தா தன் செருப்பை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

பந்தயத்தில் பாஸ்கல் சொன்னதுதான் நடந்தது. பாதி வழியில் செயின் கழன்றது. மீரான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடிக் கடைசியாக வந்தான்.

"போகாத சைக்கிள் இங்கயும் போகலையேலே!" என்றான் சனாவுல்லா. மீரானுக்கு அழுகை முட்டியது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

அன்று பொழுது சாய்ந்ததும் அவன் செயினை மாட்டி, சைக்கிளைத் தாங்கியில் ஏற்றினான். தெருக்கதவை உள்ளே தாழிட்டான். அக்கா ஏறிக் கண்ணை மூடினாள். மீரான் எதிரே நின்று பனையோலை விசிறியால் வேகமாக விசிறினான்.

"என்னடா இம்புட்டுக் காத்து?"

"எதுத்தாப்புல லாரி வருதுக்கா! ஓரமாப் போ!"

அக்கா சிரித்துக்கொண்டே மணியடித்தாள். கிடங்கு இருட்டிக்கொண்டு வந்தது. புளியமரம் போனது. பாலம் போனது. சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. உப்பு வாடை மட்டுமே வீசும் அந்தக் கிடங்கில் திடீரென்று மாம்பூ மணத்தது.

"தோப்பு வந்துருச்சுடா" என்றாள் அக்கா.

மீரானுக்குக் கை வலித்தது. விசிறுவதை நிறுத்தினான்.

காற்று நிற்கவில்லை.