கண்ணாடி போட்டாச்சு

கூரையில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. "திறக்கறேன்" என்றான் கணவன். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அதே ஸ்பீக்கரிலிருந்து அவளுடைய குரலே பதில் சொல்லிவிட்டது.

"கண்ணாடி போட்டாச்சு."

கையிலிருந்த திருப்புளி பாதித் திருகலில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னது அது?"

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. பிறகு, "எது?" என்று கேட்டான்.

"நான் இன்னும் சொல்லவே இல்ல. என் குரல் கேட்டுதே."

"எக்கோவா இருக்கும்மா. இந்த மைக் ரெண்டு நாளா உயிரை வாங்குது. இரு, இன்னும் திறக்கல. நீ உன் வேலையை முடி, அப்புறம் கூப்பிடறேன்."

சொல்லாத வார்த்தைக்கு எங்கிருந்து எக்கோ வரும்? கேட்டிருக்கலாம். ஆனால் நேற்று ராத்திரிதான் பெரிய பேச்சுப் பேசி ஓய்ந்திருந்தார்கள், இன்றைக்கு அவன் இத்தனை இதமாக இருக்கும்போது மைக்குக்காக வாய்ச்சண்டை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

வெளியே ஞாயிற்றுக்கிழமைப் பட்டப்பகல். இங்கே, கட்டிடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத இந்த அறையில், எப்போதும் ஒரே மாதிரி மங்கல். சுவரெல்லாம் கறுப்புத் துணி. நடுவில் இரண்டு கட்டில் அகலத்துக்கு எஃகு மேஜை, அதன் மேல் விரல் உயரத் தாங்கிகளில் நூற்றுச் சொச்சம் மிரர்கள், மேஜைக் கோடியில் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த எஃகுக் கலம். பம்ப்புகளின் ஓயாத உறுமல், சூடான தூசியும் துடைக்கிற ஸ்பிரிட்டும் கலந்த வாசனை, எங்கோ குழாயில் நீர் ஓடும் சத்தம். பன்னிரண்டு வருடமாக அவளுக்கு இது இரண்டாவது வீடு. முதல் வீட்டைவிட இங்கேதான் அதிக நேரம் இருந்திருக்கிறாள்.

இந்த மேஜையில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. சிவப்பையும் தாண்டிய அகச்சிவப்பு. ஒரு நொடியைக் கோடி கோடித் துண்டாக்கினால் அதில் சில துண்டுகள்தான் ஒரு துடிப்பின் ஆயுள். அந்தக் கண நேரத்துக்குள் அது கலத்தில் இருக்கும் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிய்த்து எடுத்து, திசை மாற்றி, பிய்த்த இடத்திலேயே கொண்டுவந்து மோதவிடும். மோதலில் தெறிக்கும் வெளிச்சத்தை வைத்து மூலக்கூறுக்குப் படம் எடுப்பது இவர்கள் தொழில். "புருஷன் பொண்டாட்டி சண்டைதான் இது. கோவிச்சுக்கிட்டு வாசப்படி தாண்டும், ஆத்தமாட்டாம திரும்பி வந்து முட்டும்" என்று கல்யாணமான புதிதில் அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள்.

ஒளி தெரியாது, ஆனால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பதால்தான் இத்தனை சடங்கு. பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கதிரின் மூடியைத் திறக்கும் முன் "திறக்கறேன்" என்று மைக்கில் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "கண்ணாடி போட்டாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் மூடியைத் தொடக்கூடாது. திறந்ததும் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். பேச்செல்லாம் கணினியில் பதிவாகும். இன்னொரு விதியும் உண்டு: கதிர் ஓடும்போது என்ன கீழே விழுந்தாலும் மேஜை உயரத்துக்குக் குனியக்கூடாது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. நல்லது. திருகலைத் தொடர்ந்தாள்.

ஆனால் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. அவள் குரல்தான், சந்தேகமில்லை. 'போட்டாச்சு' என்பதைக் கடைசியில் கொஞ்சம் இழுக்கும் அதே பழக்கம். இருந்தும் ஏதோ ஒன்று இடறியது. சாப்பாட்டில் தலைமுடி கிடந்தால் நாக்கு அதையே தேடுமே, அப்படி மனசு அதையே தேடியது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடி போட்டாச்சு. இல்லை, அப்படி இல்லை. 'ண்'ணும் 'ணா'வும் அதில் வேறு மாதிரி. மூக்கு அடைத்தவர்கள் சொல்கிற மாதிரி.

அந்தக் குரலுக்குச் சளி பிடித்திருந்தது.

அவளுக்குச் சளி இல்லை. போன மாதம் இருந்தது. பத்து நாள் ஆளைப் படுத்தி எடுத்தது. அப்போதும் இங்கே வேலைக்கு வந்தாள், அப்போதும் அவன் கூப்பிட, அவள் மூக்கடைப்போடு பதில் சொன்னாள்.

பம்ப்புகள் உறுமிக்கொண்டே இருந்தன. என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பழைய பதிவு எதையோ தட்டியிருப்பான், தவறுதலாக ஸ்பீக்கரில் வந்திருக்கும். ஆனால் தவறுதலாக என்றால் தவறுதலாக என்று சொல்லிவிட்டுப் போகலாமே. எக்கோ என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அப்போதுதான் பம்ப் அண்ணன் நினைவு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு வாரமாக அவர் அவள் மண்டைக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

பம்ப்புகளைப் பராமரித்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பம்ப் அண்ணன். ஒன்றரை வருடத்துக்கு முன் இதே அறையில் அவருடைய இரண்டு கண்ணின் நடுப்பார்வையும் போனது. யாரும் கூப்பிடவில்லை, சிவப்பு விளக்கு எரியவில்லை, அதனால் கண்ணாடி போடவில்லை என்றார். அன்றைக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த கணவன் விசாரணையில் பதிவைப் போட்டுக் காட்டினான். "திறக்கறேன்." "கண்ணாடி போட்டாச்சு." அவர் குரலேதான். கண்ணாடி போடாமலேயே போட்டதாகச் சொல்லிவிட்டார், தப்பு அவருடையது என்று எழுதினார்கள். அது அன்றைய பதிவுதான் என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அவள். அன்றைக்கு அவள் இங்கே இல்லை. கணவன் சொன்னான், போட்டாள். புருஷன் சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் அவள் காதையே பார்த்துக்கொண்டு பேசினார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா, நேரா பார்த்தா முகம் இருக்கிற எடத்துல ஓட்டைதான் தெரியும். காதைப் பார்த்தாத்தான் ஓரத்துல முகம் கொஞ்சம் வரும்" என்றார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். "அந்தப் பதிவுல என் குரலுக்குப் பின்னால பழைய பம்ப் லொடலொடன்னு அடிக்குது. நானே கழட்டித் தூக்கிப்போட்ட பம்ப்மா அது. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுதானே என் கண்ணு போச்சு?"

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டாள். லொடலொடவென்று அடித்தது.

நேற்று ராத்திரி கணவனிடம் சொன்னாள். நாளை திங்கட்கிழமை மறுவிசாரணை. கையெழுத்தை வாபஸ் வாங்கப்போவதாகச் சொன்னாள். ஆய்வகத் தலைவர் பதவிக்கு அவன் பெயர் முடிவாகி இருந்த நேரம். கத்துவான் என்று பயந்தாள். அவன் கத்தவில்லை. "நீ சொல்றதுதான் சரி. நடந்ததைச் சொல்லிடலாம்" என்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் காபி போட்டுக் கொடுத்து, "கடைசியா ஒரே ஒரு அளவீடு பாக்கி இருக்கு. இன்னிக்கு முடிச்சிரலாமா? நாளைக்கப்புறம் நம்மளை இந்த ரூமுக்குள்ள விடுவாங்களோ என்னவோ" என்றான். பாவமாக இருந்தது. வந்தாள்.

திருப்புளியை மேஜையில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

முகத்தில் கண்ணாடி இருந்தது. அவளுடைய கண்ணாடிதான், பக்கவாட்டில் அவள் ஒட்டிய மஞ்சள் டேப்போடு. அதே பச்சை. இடது மூலையில் எந்த ஒளியைத் தடுக்கும் என்று எண்கள் செதுக்கியிருக்கும். யோசிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை நகத்தால் சுரண்டுவது அவள் வழக்கம். நகம் சொரசொரவென்று போகும்.

நகத்தை வைத்தாள்.

வழுக்கியது.

மறுபடி வைத்தாள். வழவழவென்று இருந்தது. எண் இல்லை. வெறும் பச்சைப் பிளாஸ்டிக். யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, அளவெடுத்து வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். யாரோ என்ன, அவன்தான்.

விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. அன்றைக்கும் எரியவில்லை என்றுதானே அவர் சொன்னார்.

கோட்டுப் பையில் ஒரு அட்டை இருக்கும். தெரியாத ஒளி பட்டால் பட்ட இடம் மட்டும் மினுங்கும் அட்டை. கழுத்தை அசைக்காமல் அதை எடுத்தாள். நிமிர்ந்து நின்றபடியே இடுப்பு உயரத்தில், மேஜைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில் நீட்டினாள். அங்கே எந்தக் கதிரும் வரக்கூடாது. அங்கே மனிதர்கள் நடப்பார்கள்.

அட்டையின் நடுவில் ஒரு புள்ளி மினுங்கியது.

மேஜை ஓரத்தில் ஒரு மிரர் திரும்பியிருந்தது. மூடி திறந்திருந்தது. அவள் குரல் பதில் சொன்ன அந்த நிமிடத்திலிருந்தே திறந்திருந்தது.

எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. நாளை அவன் பதிவைப் போடுவான். அவளுடைய குரல் கேட்கும். அது பழைய குரல், விளக்கு எரியவில்லை, கண்ணாடியை மாற்றிவிட்டான் என்று அவள் சொல்வாள். அதையேதான் பம்ப் அண்ணனும் சொன்னார். யார் நம்பினார்கள்? அவளே நம்பவில்லையே. அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் சொன்னதையே சொல்கிறாள், தன் கவனக்குறைவை மறைக்கக் கதை கட்டுகிறாள் என்பார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பான்.

கதவு பத்து அடி. உள்ளிருந்து எப்போதும் திறக்கும். நிமிர்ந்து நடந்தால் கதிர் இடுப்போடு போய்விடும். குனியக்கூடாது. அவ்வளவுதான்.

கண்களை இறுக மூடினாள். கைகளை நீட்டினாள். ஒரு அடி.

பம்ப் உறுமல். குழாயில் நீர். இன்னொரு அடி.

கோட்டில் எங்கோ நூல் கருகும் வாசனை. கடக்கிறாள். கடந்துகொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, கண்ணை மூடிட்டு நடக்கற?"

உறைந்தாள். கூரை மூலையில் இருக்கும் கேமரா. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் நகத்தால் சுரண்டியதையும், அட்டையை நீட்டியதையும்.

அடுத்த அடி வைத்தாள். காலுக்கடியில் தடியாக ஏதோ உருண்டது.

"ஐயோ, நில்லு! ஒயரு! கால் கிட்ட ஒயரு அறுந்து கெடக்கு, கரண்ட்டு!"

அலறினான். அவள் ஒருமுறை மாடிப்படியில் சறுக்கியபோது அலறிய அதே அலறல். அன்றைக்கு மூன்று படி தாண்டிக் குதித்து வந்து அவளைப் பிடித்தவன்.

மனசு நம்பவில்லை. உடம்பு நம்பியது. பன்னிரண்டு வருடமாக நம்பிய உடம்பு. தடுமாறி, முழங்கால் மடங்கி, குனிந்து, கண்ணைத் திறந்து காலடியைப் பார்த்தாள்.

வெறும் ரப்பர் குழாய்.

டிக்.

வெளியே இல்லை. வலது கண்ணுக்குள்ளே. பாப்கார்ன் ஒன்று வெடித்த மாதிரி. வலியே இல்லை. துடித்துத் தலையைத் திருப்பினாள்.

டிக்.

இடது கண்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். விரல்கள் இருந்தன. நடுவில் கை இல்லை. தரையைப் பார்த்தாள். பார்க்கிற இடத்திலெல்லாம் தரை இல்லை. ஓரத்தில் மட்டும் உலகம் இருந்தது.

கதவு திறந்தது. இரண்டு அறைக் கதவுகளும் திறந்துகிடக்க, பக்கத்து அறையின் கணினி, அவன் சேமித்த பதிவைச் சரிபார்க்கப் போட்டுவிட்டு வந்தானோ என்னவோ, அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. "திறக்கறேன்." "கண்ணாடி போட்டாச்சு." சளி பிடித்த குரல். மறுபடியும். "திறக்கறேன்." "கண்ணாடி போட்டாச்சு."

காலடி கிட்டே வந்து நின்றது. அவன் எதிரே மண்டியிட்டான். தோளில் கை வைத்தான், அதே சூடு, அதே மென்மை. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

தலைமுடி தெரிந்தது. இரண்டு காதும் தெரிந்தன. போன பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக்கொடுத்த சட்டையின் காலர் தெரிந்தது. நடுவில் முகம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று அழுதது அந்த ஓட்டை. "கண்ணாடி போடலையா நீ?"