பெடலுக்கு மேலே ஒரு பொட்டு

"சார்! பிரேக்க மிதிச்சிடாதீங்க! பின்னாடி லைட்டே எரியல!"

பக்கத்தில் வந்த பைக்காரர் கத்திவிட்டுப் பறந்து போனார்.

ஜெகதீசனின் விரல்கள் ஸ்டியரிங்கில் இறுகின.

கண்ணாடியில் பார்த்தான்.

மஞ்சள் டிப்பர். நம்பர் பிளேட் இல்லை. இருபதடி தூரம்கூட இல்லை!

பகல் பதினோரு மணி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நாலு வழிச் சாலை. கூட்டேரிப்பட்டு தாண்டி இரண்டு கிலோமீட்டர்.

மூன்று மாதம் முன்பு இதே சாலையில்தான் கலைப்பிரியா செத்தாள்.

அவன் மனைவி. கிராம நிர்வாக அலுவலர். ஏரி மண் திருடும் டிப்பர்களைச் செல்போனில் படம் பிடித்து வைத்தவள். பின்னால் இடித்த டிப்பர் நிற்காமல் போய்விட்டது. 'காரில் பிரேக் லைட் எரியவில்லை. விபத்து' என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

அந்தப் படங்கள் இருக்கும் அவளுடைய பழைய செல்போன் முந்தாநாள்தான் பீரோவில் கிடைத்தது. இப்போது அவன் சட்டைப் பையில். விழுப்புரம் எஸ்.பி. ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

டிப்பர் இன்னும் நெருங்கியது!

முன்னால்... போலீஸ் பேரிகேட்! மிதித்தே ஆக வேண்டும். மிதித்தால்...?

இடப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்.

ஒடித்தான்! கார் குலுங்கி உள்ளே பாய்ந்தது. டிப்பர் உரசிக்கொண்டு போனதில் வலப்பக்கக் கண்ணாடி பிய்ந்து பறந்தது.

ஹேண்ட்பிரேக். தூசி. நிசப்தம்.

"இன்னாபா இது... பட்டப்பகல்ல கண்ணு தெரியாதா அவனுக்கு?" பெட்ரோல் போடும் அஞ்சம்மாள் ஓடி வந்தாள். "தண்ணி குடி சார் மொதல்ல!"

ஒரு வாய் குடித்தான்.

கோதண்டபாணிக்கு போன் போட்டான். திண்டிவனத்து மெக்கானிக். காலையில்தான் காருக்கு ஆயில் மாற்றிக் கொடுத்தவர்.

"அண்ணே... பிரேக் லைட்டு எரியல. டிப்பர் ஒண்ணு இடிக்க வந்துச்சி."



"உனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்லண்ணே. கூட்டேரிப்பட்டு தாண்டி பங்க்ல நிக்கிறேன்."

"அங்கியே நில்லு தம்பி. எதையும் தொடாத. நான் வந்துகினே இருக்கேன்."

சும்மா நிற்க முடியவில்லை. எதையாவது செய்ய வேண்டும்.

"அக்கா, நான் மிதிக்கிறேன். எரியுதான்னு பாருங்க."

"எரியல."

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தான். கம்பி அறுந்திருக்கவில்லை. திரும்பச் செருகினான்.

"இப்ப?"

"ம்ஹூம். கார்த்திகைக்குத்தான் எரியும்போல!"

பின் விளக்குகளைக் கழற்றினான். பல்புகள் கறுக்கவில்லை.

மிச்சம், பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச்.

டார்ச்சோடு தலையை உள்ளே விட்டான். பெடலை அழுத்தினால் ஸ்விட்சின் குமிழ் வெளியே வர வேண்டும். வந்தால்தான் லைட் எரியும்.

வரவில்லை.

வராதபடி எம்சீல் பசை வைத்து அடைத்திருந்தது!

அதன் மேல்... ஒரு பொட்டு. குங்குமம்!



காலையில் ஆயில் மூடியைத் திருகிவிட்டு, கோதண்டபாணி அதன் மேல் குங்குமம் வைத்தது ஞாபகம் வந்தது. "கை வெச்ச எடத்துல பொட்டு வெக்கலன்னா எனுக்குச் சோறு எறங்காது தம்பி."

ஆயில் மட்டும்தானே மாற்றச் சொன்னான்?

செல்போன் கிடைத்ததையும் அவரிடம் மட்டும்தானே சொன்னான்?

கலைப்பிரியாவின் காரும் அவள் சாவதற்கு முந்தின நாள் அவர் ஷெட்டில்தானே நின்றது...?

'நான் வந்துகினே இருக்கேன்!'

போன மாதம் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் இளவரசியின் நம்பரைத் தட்டினான்.

"மேடம்... கூட்டேரிப்பட்டு தாண்டி பங்க்ல நிக்கிறேன். ஸ்டேஷன்ல நிக்கிற என் மனைவி காரைப் பார்க்கச் சொல்லுங்க. பிரேக் பெடலுக்கு மேல... ஒரு பொட்டு இருக்கா?"

அரை மணி நேரம்.

புல்லட் வந்து நின்றது. கோதண்டபாணி. நெற்றி நிறையக் குங்குமம், கையில் ஸ்க்ரூடிரைவர். கொஞ்ச தூரத்தில் அந்த மஞ்சள் டிப்பர், இன்ஜின் உறுமியபடி. உள்ளே, மண் லோடு அடிக்கும் அவருடைய மச்சான் வல்லரசு.

"பயந்துட்டியா? ஃபியூசாத்தான் இருக்கும்."

உள்ளே குனிந்தார். 'டக்!' எதையோ பெயர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்ப மிதி."

"எரியுது!" என்றாள் அஞ்சம்மாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"அவ்ளோதான் தம்பி." அவர் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த செல்லக் குடு."

"எதுக்குண்ணே...?"

ஸ்க்ரூடிரைவர் முனை அவன் விலாவில் குத்தியது!

"ஜல்தி குடு. உம் பொண்டாட்டியும் இப்டித்தான் அடம் புடிச்சா."

"அடம் புடிக்கிறது தப்புதான்" என்றது பின்னால் ஒரு குரல்.

பங்க் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு இளவரசி. அவளுக்குப் பின்னால் ஏட்டு நடராசன். டிப்பரை மறித்து ஒரு ஜீப் குறுக்கே நின்றது.

ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

"மேடம்... லைட்டு ரிப்பேருக்கு வந்தேன் மேடம். உள்ள ஒண்ணுமே இல்ல, வேணும்னா பாத்துக்குங்க!"

"இதுல இல்ல. அதான் பெயர்த்து உங்க பையில வெச்சிருக்கீங்களே." இளவரசி தன் செல்போனை நீட்டினாள். "இதுல இருக்கு."

ஸ்டேஷனில் நசுங்கி நிற்கும் கார். அதன் பெடலுக்கு மேலே எம்சீல். அதன் மேல், மூன்று மாதமாகியும் உதிராத பொட்டு.

ஜெகதீசன் அந்தப் படத்தையே பார்த்தான். அழுகை வரவில்லை. கலைப்பிரியா மிதித்திருக்கிறாள். கடைசி வரைக்கும் மிதித்திருக்கிறாள்.

நடராசன் விலங்கை மாட்டிவிட்டுக் கேட்டார்.

"மேடம், கைரேகை எடுக்க விழுப்புரத்துலேர்ந்து ஆள வரச் சொல்லட்டுமா?"

"எதுக்குய்யா அவங்களுக்கு வீண் அலைச்சல்? அண்ணன்தான் சாமி சாட்சியா சீல் வெச்சே குடுத்திருக்காரே!"