பெட்டூனியாவுக்குப் பசிக்கிறது!

"போலீஸா? என் புருஷன்... சமையலறையில... மூச்சே இல்ல சார்!"

லவெர்ன் விம்மி விம்மி அழுதாள்.

ஃபோனை வைத்ததும் கண்ணீர் நின்றது.

தரையில் ராய்ஸ். பின்மண்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. காலையில் இரும்பு வாணலியால் ஒரே போடு! பிறகு சர்ச்சுக்குப் போனவள், சாயங்காலம் வரை ஊருக்கே மீன் பொரித்துப் போட்டாள். தவக்கால வெள்ளிக்கிழமை; அன்று இறைச்சி கூடாது, சர்ச்சில் எல்லோருக்கும் மீன்தான். டொலீடோ நகரத்தில் பாதிப் பேர் அவளுக்குச் சாட்சி.

வாணலியையும் கழுவிக் கையோடு கொண்டுபோயிருந்தாள். மீன் நன்றாகவே வந்தது.

வீடு திரும்பிய பிறகுதான் விபத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஃப்ரீஸரைத் திறந்தாள். அவளுடைய பட்டாணிப் பாக்கெட்டை ஒட்டி, வழக்கம்போல, ராய்ஸ் வளர்க்கும் பாம்புக்கான உறைந்த எலிகள். ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். சுடுதண்ணீர் ஊற்றினால், இப்போதுதான் ஊற்றியது என்று ஆவி காட்டிக்கொடுத்துவிடும்...

பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். தரையிலும் கொஞ்சம் கொட்டினாள்.

என்ன மூளை!

டிடெக்டிவ் நோவாக் வந்தார். பூட்ஸில் பனி, சட்டையில் காபிக் கறை. கண்ணாடிப் பெட்டிக்குள் பெட்டூனியா என்கிற மலைப்பாம்பு தலையைத் தூக்கியது.

அவர் சட்டென்று ஓர் அடி பின்வாங்கினார்.

'பயந்தாங்கொள்ளி!' லவெர்னுக்கு நிம்மதி.

"காலையில நீங்க கிளம்பும்போது உயிரோட இருந்தாரா மேடம்?"

"இருந்தார் சார்! எலியை சுடுதண்ணில போட்டு உருக வச்சிட்டிருந்தார். 'நீ போ, நான் என் ராஜாத்திக்குச் சாப்பாடு குடுத்துக்கறேன்'னார்... தண்ணி சிந்தி வழுக்கியிருக்கும்..."

"ராஜாத்தி யாரு?"

"இந்தப் பாம்புதான்! எங்கம்மாவோட பியானோவை வித்து இதுக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்கினார். என்னை ஒரு வார்த்தை கேக்கல சார்..."

இந்த முறை நிஜமாகவே அழுதாள்.

"அடப்பாவமே! விபத்து மாதிரிதான் தெரியுது." நோவாக் தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார்.

"பாம்பு காலையிலேர்ந்து பட்டினி இல்ல? எலியைச் சூடாக்கிக் குடுத்துட்டுப் போகட்டுமா?"

"உங்களுக்குப் பயமா இல்ல?"

"வீட்ல ரெண்டு வளர்க்கறேன் மேடம். பசிச்ச பாம்பு தலையைத் தூக்கினா தள்ளித்தான் நிக்கணும்."

லவெர்ன் கிண்ணத்தை நோக்கி நகர்ந்தாள்.

நோவாக் கிண்ணத்திலிருந்து எலியை எடுத்தார். பாம்பு வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல, உள்ளே ஐஸ் இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

அமுங்கவில்லை.

மேஜையில் தட்டினார்.

டக்... டக்!

"காலையில சுடுதண்ணில போட்ட எலி..." அவர் நிதானமாகத் திரும்பினார். "சாயங்காலம் கல்லு மாதிரி இருக்கே! இப்பதானே போட்டீங்க மேடம்?"

லவெர்னின் பார்வை ஃப்ரீஸர் பக்கம் போனது.

நோவாக் எலியைப் பத்திரமாகப் பைக்குள் போட்டார். "சாரி பெட்டூனியா! இது இனிமே சாட்சி. உனக்கு வேற தரேன்."

விலங்கு பூட்டியபோது லவெர்ன் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஜெயில்ல... சாப்பாடெல்லாம் எப்படி சார்?"

"எல்லாம் ஃப்ரீஸர்லேர்ந்துதான் மேடம்!" என்றார் நோவாக். "ஆனா, அங்க உருக வச்சுத்தான் குடுப்பாங்க!"