ஆறாவது குழியில் துடித்தது

லிஃப்ட் பழுது. நான்கு மாடி ஏறி வந்த மாசெகோ மூச்சு இரைக்க இரைக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது, செல் வளர்ப்புத் தட்டின் ஆறாவது குழி கன்னாபின்னாவென்று துடித்துக்கொண்டிருந்தது. மற்ற ஐந்தும் நிதானமாக இருந்தன. நாற்காலியில் சாய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஆறாவதும் நிதானத்துக்கு வந்திருந்தது.

ஒவ்வொரு குழியிலும் நகத்தளவு ஒரு சாரம். கட்டடத்துக்குக் கட்டுவது போலத்தான், கட்டம் கட்டமாக. இதைப் பற்றிக்கொண்டு இதயத் தசை வளரும். பென்சில் கரியை ஓர் அணு கனத்துக்கு உரித்தால் கிடைக்கிற கிராஃபீனை அதன்மேல் பூசியிருந்தார்கள். மின்சாரம் அதில் தடையில்லாமல் ஓடும், செல்கள் ஒன்றாகத் துடிக்கும். இதய நோயாளிகளுக்கு ஒட்டுப்போடத்தான் இத்தனை பாடும்.

தானமாக வந்த செல்களில் ஒரு குழி போன மாத மின்வெட்டில் செத்துப்போனது. ஆய்வேட்டுக்கு ஆறு வேண்டும். பயிற்சிக் காலத்தில் தன் ரத்தத்திலிருந்தே உருவாக்கி உறையவைத்திருந்த இதயச் செல்களை மாசெகோ கமுக்கமாக அதில் போட்டுவிட்டாள். பிரிட்டோரியாவின் இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் விதியை மீறித்தான்: சொந்தச் செல்லை வளர்க்காதே, கீறல் வழியே உள்ளே போனால் உன் உடம்பு அதை அந்நியமென்று விரட்டாது.

நாளை செல்களுக்கு மரபணுப் பரிசோதனை. மாட்டினால் ஏழு வருட உழைப்பு மண். அதனால்தான் ஞாயிறு மதியம், ஆறாவதைக் கொல்ல வந்திருந்தாள்.

வாசலில், தங்கச்சி என்ற பொருளில் அவளை 'சிசி' என்றே கூப்பிடும் காவலாளி பிட்சோ, எண்ணெயில் பொரித்த மகுவின்யா அப்பத்தைக் கடித்துக்கொண்டே கிண்டலடித்திருந்தார். "என்ன சிசி, லீவு நாள்லயும் புள்ளைங்களுக்குப் பால் குடுக்க வந்துட்டியா? ஒரு கல்யாணத்தப் பண்ணி நெஜப் புள்ளையா வளக்கலாம்ல!"

"இதுங்க அழாதுண்ணே."

"மூணு மணிக்குக் கரண்ட் போயிரும், பாத்துக்கோ. ஜெனரேட்டருக்கு டீசல் நாளைக்குத்தான் வருது."

இப்போது இன்குபேட்டரின் மெல்லிய ரீங்காரமும் தொலைவில் உருண்ட இடியும் தவிர அந்த மாடியில் வேறு சத்தமில்லை. பிளீச்சின் காரநெடி மூக்கில் ஏற, ஆறாவது குழியில் ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

நெஞ்சில் யாரோ கைவிட்டுப் பிசைந்தது போல வலித்தது.

மேசையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை மரத்தது. விரலை மணிக்கட்டில் வைத்து, கண்ணை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். விரலுக்கடியில் ஒரு துடிப்பு. கண்ணுக்கெதிரே ஒரு துடிப்பு. தாவியது, தாவியது. நின்றது, நின்றது. இரண்டும் ஒரே துடிப்பு.

அவசர அவசரமாக பிளீச்சை உறிஞ்சியெடுத்தாள். ஊட்டநீரால் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் கழுவினாள். வலி தணிந்தது.

மணி மூன்று. ரீங்காரம் அடங்கியது.

ஆலங்கட்டி மழை ஜன்னலில் அறையத் தொடங்கியது. அறை சில்லென்று ஆனது. தட்டை உள்ளே வைத்து இன்குபேட்டர் கதவை இறுக்கி மூடினாள். மழை விடவில்லை. கதவின் கண்ணாடி மெல்ல மெல்லக் குளிர்ந்தது. அவள் உதடு விறைத்தது. நாடி மெதுவானது. இன்னும் மெதுவாக. போனை எடுத்தாள்.

"அண்ணே... டீசல்..."

"நாளைக்குன்னு சொன்னேனே சிசி. ஏன் உன் கொரலு இப்படி இருக்கு? மேல வரட்டா?"

போன் அவள் கையிலிருந்து நழுவியது.

சூடு வேண்டும். உடம்புச் சூடு. அது ஒன்றுதான் இங்கே மிச்சம். இடுக்கியால் ஆறாவது குழியின் சாரத்தைத் தூக்கினாள். சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். ஈரமாக, கறுப்பாக இருந்த அதை நெஞ்சில் ஒட்டவைத்து உள்ளங்கையால் மூடினாள்.

ஒன்று. இரண்டு. நாடி திரும்பியது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, பிழைத்தோமடா சாமி என்று வாய்விட்டு அழுதாள்.

மழை விட்டது. விளக்கு எரிந்தது. இன்குபேட்டர் மறுபடி முனகத் தொடங்கியது. எழுந்து, சாரத்தைத் திரும்ப வைக்க இன்குபேட்டர் கதவைத் திறந்துவைத்து, கையை எடுத்தாள்.

நெஞ்சில் சாரம் இல்லை.

தோலுக்கடியில் கறுப்புக் கட்டங்கள். விலா வரை. கழுத்தெலும்பு வரை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு வரிசை.

படிக்கட்டில் பிட்சோவின் காலடி கேட்டது. கத்த வாயைத் திறந்தாள்.

கட்டங்கள் முதலில் துடித்தன. பிறகுதான் அவள் இதயம். மறுபடி கட்டங்கள். மறுபடி இதயம்.

பிறகு கட்டங்கள் ஒரு துடிப்பை நிறுத்திப் பார்த்தன.

அவள் இதயம் காத்திருந்தது.