இரண்டு செண்பகவல்லிகளும் ஒரு சமத்துவ ஏடும்

வேலைக்குக் கிளம்பும் முன் பாளையங்கோட்டைக்கு ஒரு போன் போடுவது செண்பகவல்லியின் காலைக்கடன்களில் ஒன்றாகிவிட்டிருந்தது.

"நீ வீட்டுக்குள்ளதானே இருக்கே?"

"உள்ளதான்க்கா இருக்கேன். நிறைமாசத்துல எங்க ஊர் சுத்தப் போறேன்? போயிட்டு வாங்க. நாலு மணிக்குள்ள திரும்பிருங்க, எனக்கு செக்கப் இருக்கு."

அவள் பெயரும் செண்பகவல்லிதான். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

'மனிதர் எண்ணல்லர்' என்று முழங்கி அரசு அடையாள எண்களை ஒழித்து இருபது வருடமாகிறது. பெயரே அடையாளம்; அதைப் பதித்த கைப்பட்டையைப் பார்த்துத்தான் எந்தக் கதவும் திறக்கும். அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழில் எழுதினால் அரசின் பெயரேட்டுக்கு ஜீரணமாகாதாம். ஒரே பெயரில் இருவர் வந்தபோது ஒருத்தியை முழுக்கப் பெரிய எழுத்திலும் மற்றவளைச் சின்ன எழுத்திலும் பதிந்து சமாளித்தார்கள். போன மாதம் ஏட்டைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே. அமைச்சர் அதற்குச் 'சமத்துவ ஏடு' என்று பெயரிட்டு மாலை போட்டுக்கொண்டார். இரண்டு செண்பகவல்லிகளும் ஒரே ஆளாகிப் போனார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நடமாட முடியாதல்லவா? ஒருத்தியின் கைப்பட்டை வெளியே இருந்தால், மற்றவளை அவள் வீட்டுக் கதவு வெளியே விடாது.

இன்று சென்னைச் செண்பகவல்லி வேலைக்குப் போகாமல் பெயரேட்டு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அதிகாரி கனகசபாபதி பொறுமையாகச் சிரித்தார்.

"பிரிச்சுக் குடுத்துடலாம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல வாங்க."

"சேர்ந்து வர முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கறேன்?"

"விதி அப்படி. ஏடு மாத்தினதுல ஒரு பிழைகூட இல்லேன்னு எங்களுக்கு விருதே குடுத்திருக்காங்க."

போன் அலறியது.

"யக்கா! வலி எடுத்துட்டு. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கி, கதவு என்னைய விடமாட்டேங்கு. நீங்க சீக்கிரம் வீட்டுக்குள்ள போங்களேன்!"

வீடு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது. செண்பகவல்லி மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"என்னம்மா பண்றே? பட்டையை அறுத்தா நீ ஏட்டுலயே இல்லாத ஆளு. மறுபடி மாட்ட வழியே கிடையாது!"

"அவ அறுத்தா ஆஸ்பத்திரில சேத்துப்பாங்களா?"

கனகசபாபதி விதிப்புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

பட்டை அறுந்து விழுந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கதவு திறந்ததாக அவருடைய திரை சொன்னது.

"கிளம்பிட்டாம்மா" என்றார், குரல் இறங்கி.

செண்பகவல்லி போவதற்குத் திரும்பினாள். அலுவலகக் கதவு அசையவில்லை. எதிரில் யாராவது வந்து நின்றால்தானே அது திறக்கும்.