ப்ளக்கைப் பிடுங்கியவள்

"யாருங்க... யாருங்க என் சார்ஜரைப் பிடுங்கினது?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் மடியில் இருந்த லேப்டாப்பைச் சட்டென்று மூடினாள்.

ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழிக்காக மாநாடு நடந்த கட்டடத்தின் நீண்ட நடைக்கூடம் அது. வந்தவர்கள் எல்லாரும் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள். அத்தனை பேர் மடியிலும் லேப்டாப். அத்தனை லேப்டாப்புக்கும் பசி! சுவரிலோ ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். காலி நாற்காலி மேல் கிடந்த யாருடைய லேப்டாப்போ அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 'கொஞ்ச நேரம்தானே...' என்று அதன் வயரைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைச் செருகியிருந்தாள்.

எதிரே வந்து நின்றவனுக்கு மூச்சு வாங்கியது. மழையில் நனைந்த தலைமுடி. கண்ணாடி முழுக்கத் துளிகள். அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

கோபமான கண்கள்தான்... ஆனால் கோபத்துக்கு இவ்வளவு அழகு எதற்கு?

"நான்தாங்க... பேட்டரி இருக்கும்னு நினைச்சேன்."

"அந்த பேட்டரி செத்துப் பல நாளாச்சுங்க. வயரை எடுத்தா அடுத்த நொடி கண்ணை மூடிக்கும். இப்ப நான் மேடையில பேசணும். காட்ட வேண்டியதெல்லாம் உள்ள இருக்கு. கடைசியா எழுதினதை சேவ் கூடப் பண்ணல."

"ஜாவா எழுதறவரு சேவ் பண்ணாமலா டீ குடிக்கப் போவாரு?"

வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் அவளை முறைத்தான். அவசரமாகத் தன் வயரைச் செருகி லேப்டாப்பைத் திறந்தான். 'அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று ஒரு வட்டம் நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"போச்சு," என்றான்.

அவளுக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. ஆனால் போக முடியாது. அவன் பேச்சைக் கேட்பதற்காகத்தான் அவளுடைய மேனேஜர் அவளை இங்கே அனுப்பியிருந்தார். அவள் எழுதிய ப்ரோக்ராம் மருந்துக் கிடங்குகளுக்கானது. ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மருந்து மாறும்போது கணக்கை மாற்றி வைக்கும். சில நாட்களில் நடுவில் அப்படியே நின்றுவிடும். தப்பு என்று ஒரு வரிகூடத் திரையில் வராது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

பின் வரிசையில் பதுங்கி உட்கார்ந்தாள். அவன் வெறுங்கையோடு மேடையேறினான்.

"என் லேப்டாப் தூங்கிடுச்சு. அதைத் தூங்க வெச்ச புண்ணியவதி இங்கதான் இருக்காங்க. மேடம்... பச்சை துப்பட்டா... கொஞ்சம் மேல வாங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவன் தன் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான். ஒரு வெள்ளைத் தாளைத் தான் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேருமே ஒரு கையெழுத்துப் போடணும். அதுக்குப் பேனாவும் வேணும், பேப்பரும் வேணும். பேனாவை அவங்க விட மாட்டாங்க. பேப்பரை நான் விட மாட்டேன். இப்ப என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"அதேதான். சண்டை இல்ல, சத்தம் இல்ல. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னுக்கிட்டே இருப்போம். இதுக்குப் பேருதான் டெட்லாக்."

பார்த்துக்கொண்டு நின்றார்கள்... கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களில் இப்போது கோபம் இல்லை. விளையாட்டு இருந்தது. பிறகு அதுவும் மெல்ல மறைந்து, வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. அவன்தான் முதலில் பார்வையைத் திருப்பினான். அடுத்த வாக்கியம் அவனுக்கு மறந்து போயிருந்தது.

"ம்ம்... எங்க விட்டேன்? ஆங்... இது வராம இருக்கணும்னா எல்லாரும் ஒரே வரிசையில எடுக்கணும். முதல்ல பேனா, அப்புறம்தான் பேப்பர். இல்லன்னா யாராவது ஒருத்தர் கையில இருக்கறதை விட்டுடணும்."

அவளுக்குள் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு கிடங்கும் ஒரே சமயத்தில் ஒன்றுக்கொன்று மருந்து அனுப்பினால்? இது தன் கணக்கை விடாமல் அதைக் கேட்டு... அது தன் கணக்கை விடாமல் இதைக் கேட்டு...

மாலை, வாசல் தாழ்வாரத்தில் மழை விடக் காத்திருந்தாள். காகிதக் கோப்பையில் டீயோடு அவனே வந்தான்.

"இந்தாங்க. இதையும் பிடுங்கிக்கறதுக்குள்ள நானே குடுத்துடறேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கிடங்குக் கதையை எல்லாம் கொட்டினாள். யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான்.

"அடுத்த வருஷம் இதை நீங்க மேடையில பேசணும்."

"ஐயோ... மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும்."

"நான் முன்னாடி வந்து உட்கார்ந்துக்கறேன். பயம் வந்தா என்னைப் பார்த்துத் திட்டுங்க. அது உங்களுக்கு நல்லா வருது." சொல்லிவிட்டுத் தயங்கினான். "உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். குடை எடுத்துக்கிட்டு வந்துடறேன்... போயிடாதீங்க."

அவள் போகவில்லை. போவாளா? ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவனை ஒரு நண்பன் மடக்கிக் கேட்டது காதில் விழுந்தது.

"என்னடா, சார்ஜர்காரியோட ஒரே சிரிப்பா இருக்கு?"

"சேச்சே... சும்மா ஒரு உதாரணத்துக்குக் கூப்பிட்டேன்டா. அவ்வளவுதான்."

உதாரணம்!

டீ ஆறிப் போனது போல் மனசும் ஆறிப் போனது. கோப்பையைத் திண்டின் மேல் வைத்தாள். குடை வருவதற்குள் மழையில் இறங்கி நடந்துவிட்டாள். பேருந்தில் ஏறிய பிறகுதான் பார்த்தாள்... நீலப் பேனா அவளிடமே இருந்தது.

அந்தப் பேனா அவளோடு ஒரு வருஷம் வாழ்ந்தது.

ப்ரோக்ராம் சரியாகிவிட்டது. எந்தப் பக்கம் மருந்து போனாலும் சின்ன எண் உள்ள கிடங்கின் கணக்கைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று மாற்றி எழுதினாள். அப்புறம் அது ஒரு நாளும் நிற்கவில்லை. "மாநாட்டுல நல்லாக் கத்துக்கிட்டு வந்திருக்கம்மா," என்றார் மேனேஜர். 'கத்துக்கிட்டதை மறக்கத்தான் தெரியலையே சார்...' என்று நினைத்துக்கொண்டாள்.

மழை வந்தால் ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி போட்ட யாராவது தெருவில் ஓடினால் நெஞ்சு நின்று பிறகு துடித்தது. மாநாட்டின் இணையப் பக்கத்தில் அவன் மின்னஞ்சல் முகவரி இருந்தது. 'நல்லா இருக்கீங்களா' என்று அடிப்பாள்... அழிப்பாள். உதாரணத்துக்குக் கூப்பிட்டவருக்கு எதற்குக் கடிதம்? வேண்டுமென்றால் அவரே எழுதட்டுமே. எந்த அலுவலகம் என்று தெரியும்தானே?

அவனும் எழுதவில்லை.

"அந்தப் பேனாவுல எழுதறதும் இல்ல, யாருக்கும் தர்றதும் இல்ல," என்றாள் அண்ணி, துணி மடித்தபடி. "பேங்க் லாக்கர்ல வைக்கப் போறியா?"

"சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மா இருப்பேன். உங்க அண்ணன் இருக்க மாட்டாரு. மாப்பிள்ளை போட்டோ குடுத்து எவ்வளவு நாளாச்சு? ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"மாநாடு முடியட்டும் அண்ணி. அன்னிக்கே சொல்லிடறேன்."

ஆமாம், மேடையில் பேச எழுதிப் போட்டிருந்தாள். கூப்பிட்டும் விட்டார்கள். அவன் வந்தால்... வராவிட்டால் போட்டோவுக்குத் தலையாட்டிவிட வேண்டியதுதான்.

அதே கட்டடம். அதே மழை. மேடையேறி முன்வரிசையைப் பார்த்தாள். தெரியாத முகங்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

அவ்வளவுதான்... வரவில்லை.

நாக்கு ஒட்டிக்கொண்டது. மைக் மட்டும் லேசாக இரைந்தது. கூட்டம் நெளிந்தது. தண்ணீர் எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

மேடை ஓரச் சுவரடியில், தரையில், சம்மணம் போட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். நனைந்த தலை. கண்ணாடி முழுக்கத் துளிகள். அவளுடைய லேப்டாப் வயர் போய்ச் சேரும் ப்ளக்கின் மேல் ஒரு கையை வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தான்!

மற்ற கையால், 'பேசுங்க' என்று சைகை காட்டினான்.

பேசினாள். கிடங்குகள் முறைத்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. முடித்தபோது கைதட்டியது. அவளுக்கு அதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது.

அரங்கம் காலியான பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் மேடை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உதாரணத்தைப் பார்க்க வந்தீங்களா?"

அவன் முகம் வெளுத்தது. "அது... அது உங்க காதுல விழுந்துச்சா? அதனாலதான் போனீங்களா?"

"பின்ன?"

"கேட்டவன் ஒரு ஓட்டை வாய்ங்க. உங்ககிட்டயே இன்னும் சொல்லாததை அவன்கிட்ட எப்படிச் சொல்வேன்? குடையோட வந்து பார்த்தா டீ மட்டும் இருந்துச்சு. சரி, நம்மளைப் பிடிக்கல போலன்னு நினைச்சேன். நீங்களா ஒரு வரி எழுதினா..."

"நானும் அதையேதான்... நீங்களா எழுதினா..."

இருவரும் நிறுத்தினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறோம். நாம ஒரு வருஷமா பேனாவையும் பேப்பரையும் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கோம்."

சொல்லிக்கொண்டே அவள் பையைத் திறந்தாள். நீலப் பேனாவை எடுத்தாள். ஒரு வருஷம் உள்ளங்கைச் சூட்டில் இருந்ததை விடுவது அவ்வளவு எளிதாக இல்லை... விரல்களைப் பிரித்து அவன் கையில் வைத்தாள்.

"நான் விட்டுட்டேங்க. எனக்கு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, மறு கையின் புறத்தில் எதையோ எழுதப் பார்த்தான். கோடுகூட விழவில்லை.

"காய்ஞ்சு போச்சுங்க."

"திறக்கவே இல்லைங்க. தீர்ந்துடுமோன்னு..."

அதைக் கேட்டதும் அவன் கண்ணாடியைக் கழற்றினான். இந்த முறை துடைத்தது மழைத் துளியை அல்ல.

"வீட்டுல அண்ணன் இன்னிக்கு ஒரு பதிலுக்குக் காத்திருக்காரு," என்றாள் அவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வேற இடத்துல மாப்பிள்ளை... என்ன சொல்லட்டும்?"

"உதாரணத்துக்கு..."

அவள் முறைத்தாள்.

"இல்ல இல்ல, உதாரணத்துக்கு இல்ல. நிஜமாவே." பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். "அன்னிக்குக் குடையோட வந்து கேட்க நினைச்சதை, இன்னிக்கு உங்க வீட்டுக்கே வந்து கேட்கறேன்னு சொல்லுங்க."

வெளியே மழை வலுத்தது. அவள் அண்ணிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தபோது குனிந்து பார்த்தாள்... அவனுடைய இன்னொரு கை இன்னும் அந்த ப்ளக்கை விடவே இல்லை.